கேள்வி இல்லாத கடிதங்கள்

நோயாளி ஒருவரைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிவைப்பது, ஊசி போடுவதையும் மாத்திரை எழுதித் தருவதையும் போல மருத்துவர் செய்யும் ஒரு சிகிச்சைச் செயல். அதற்கும் உரிய காலம் உண்டு, உரிய அளவு உண்டு, தவறாகச் செய்தால் அதனால் விளையும் கேடும் உண்டு. ஆனால், மருந்துச் சீட்டில் ஒரு மில்லிகிராம் பிசகினாலும் பதறும் மருத்துவ உலகம், பரிந்துரைச் சீட்டில் விவரம் முழுவதும் விடுபட்டிருந்தாலும் அதைப் பிழையாகக் கருதுவதில்லை. அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டில் ‘மேல்சிகிச்சைக்கு’ என்று எழுதி, எந்தத் துறைக்கு என்பதை மட்டும் குறித்து அனுப்புவது ஒரு வகை. தனியார் கிளினிக்கில் ‘எதற்கும் ஒரு ஹார்ட் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது இன்னொரு வகை. இரண்டுக்கும் காத்திராமல், தலை சுற்றினால் நரம்பியல் நிபுணர், நெஞ்சு எரிந்தால் இதய நிபுணர் என்று நோயாளியே உறுப்பைப் பார்த்து மருத்துவரைத் தேர்ந்துகொள்வது மூன்றாவது வகை.

இம்மூன்றுக்கும் பொதுவான குறை, சிறப்பு மருத்துவர் முன் நோயாளி அமரும்போது அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறார் என்பது இருவருக்குமே தெரியாமலிருப்பதாகும். பரிந்துரையைப் பெரிய டாக்டரைப் பார்ப்பதற்கான அனுமதி என்று நோயாளியும், கைமீறிய நோயாளியை ஒப்படைத்துவிடும் வழி என்று மருத்துவரும் எண்ணும் வரையில் இக்குறை தீராது. ஒரு கேள்வி, அதற்கு விடை கிடைத்தாக வேண்டிய கெடு, அந்த விடை திரும்பி வருவதற்கான வழி ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அது பரிந்துரை எனத் தகும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நோயாளி இடம் மாறுவாரே தவிர அவருடைய சிக்கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதல் மருத்துவர் எதற்கு?

சிறப்பு மருத்துவரை நேரடியாகப் பார்க்க வசதியுள்ளவர், இடையில் ஒரு பொதுமருத்துவரை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவ ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1961-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இக்கேள்விக்கு அடித்தளமான ஒரு கணக்கைத் தந்தது. வயதுவந்தோர் ஆயிரம் பேரை ஒரு மாத காலத்துக்குக் கணக்கில் எடுத்தால், அவர்களுள் சுமார் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக்குறை தோன்றுகிறது. 250 பேர் மருத்துவரை நாடுகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். 5 பேர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போய்ச் சேர்பவர் ஒரே ஒருவர். மருத்துவ மாணவர்கள் பயில்வது அந்த ஒருவரின் படுக்கையருகே என்பதால், அவர்கள் பார்த்துப் பழகும் நோய்களின் விகிதமும் ஊரில் உள்ள நோய்களின் விகிதமும் பெரிதும் வேறுபடுகின்றன.

சிறப்பு மருத்துவரின் திறமை, இவ்வாறு படிப்படியாக வடிகட்டப்பட்டு வரும் நோயாளிகளைச் சார்ந்தது என்பதை எளிய எண்களால் விளக்கலாம். நோயுள்ள நூறு பேரில் 90 பேரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயற்ற நூறு பேரில் 90 பேரை நோயற்றவர் என்று சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். நூற்றுக்கு ஒருவருக்கு மட்டுமே அந்நோய் உள்ள ஆயிரம் பேருக்கு அதைச் செய்தால், நோயுள்ள 10 பேரில் 9 பேரோடு, நோயற்ற 990 பேரில் 99 பேருக்கும் ‘நோய் உண்டு’ என்றே முடிவு வரும். அதாவது, அஞ்சி நிற்கும் 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தாம். அதே பரிசோதனையை, பொதுமருத்துவர் விசாரித்து, தொட்டுப் பார்த்து, ஐயத்துக்கு இடமுள்ளவர்களை மட்டும் பிரித்து அனுப்பிய, நூற்றுக்கு 30 பேருக்கு நோய் இருக்கக்கூடிய ஆயிரம் பேருக்குச் செய்தால், ‘நோய் உண்டு’ எனப்படும் 340 பேரில் 270 பேர் உண்மையிலேயே நோயுள்ளவர்கள். கருவியும் மருத்துவரும் மாறாமலே, வந்து சேரும் கூட்டம் மாறியதால் முடிவின் நம்பகத்தன்மை மாறிவிடுகிறது. சிறப்பு மருத்துவரை நேரடியாக நாடுவோர் தேவையற்ற ஸ்கேனுக்கும் சில வேளைகளில் தேவையற்ற ஆஞ்சியோகிராமுக்கும் ஆளாவதற்கு மருத்துவரின் பேராசை மட்டுமே காரணம் என்று சொல்வது இந்தக் கணக்கை மறந்து பேசுவதாகும்.

மூன்று அடுக்குகள், மூன்று நிர்வாகங்கள்

இந்திய மருத்துவ அமைப்பு இந்தப் படிநிலைச் சிந்தனையை அறியாததன்று. விடுதலைக்கு முன் நாட்டின் சுகாதார நிலையை ஆராய அமைக்கப்பட்ட போர் (Bhore) குழு 1946-இல் அளித்த அறிக்கையின் நீண்டகாலத் திட்டத்தில், 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகளுடன் ஓர் ஆரம்ப அலகு, அதற்கு மேல் 650 படுக்கைகள் கொண்ட இரண்டாம் நிலை மருத்துவமனை, மாவட்டத் தலைநகரில் 2,500 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை என்று அடுக்குகள் வகுக்கப்பட்டிருந்தன. அக்குழுவில் உறுப்பினராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் பின்னர் தலைமையேற்ற மற்றொரு குழு, புதிய ஆரம்ப சுகாதார நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைவிட, இருக்கும் நிலையங்களை வலுப்படுத்தி, மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களை அமர்த்துவதே முதல் தேவை என்று 1960-களின் தொடக்கத்தில் எடுத்துரைத்தது. 1978-இல் ஆரம்ப சுகாதாரம் குறித்த பன்னாட்டு மாநாடு வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனமும், ஒன்றையொன்று தாங்கும் பரிந்துரை அமைப்புகளை ஆரம்ப சுகாதாரத்தின் இன்றியமையாத பகுதியாகச் சேர்த்தது.

தமிழ்நாட்டில் இந்த அடுக்குகள் காகிதத்தில் மட்டும் இருப்பவை அல்ல. மாநிலமெங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், வட்ட மருத்துவமனைகளும், 36 அரசு மருத்துவக் கல்லூரிகளும் உண்மையில் இயங்குகின்றன. ஆனால் அடுக்குகளை இணைக்கும் ஏணியில்தான் விரிசல் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்குநரகத்தின்கீழும், வட்ட, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின்கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின்கீழும் வருகின்றன. கிராமத்திலிருந்து மருத்துவக் கல்லூரி வரை செல்லும் ஒரு சீட்டு, தனித்தனிப் பதிவேடும் தனித்தனி மேலதிகாரியும் உடைய மூன்று நிர்வாகங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. அனுப்பிய மருத்துவரின் பணியை மதிப்பிடுபவர் வேறு, ஏற்றுக்கொண்ட மருத்துவரின் பணியை மதிப்பிடுபவர் வேறு என்பதால், சீட்டின் தரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளாக உயர்த்தப்பட்ட இடங்களில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. உயர்நிலைச் சிகிச்சை ஊருக்கு அருகில் வருவது பெரும்பேறே என்றாலும், நடு அடுக்கு பார்த்துவந்த குடலிறக்கமும் எலும்பு முறிவும் சாதாரண நிமோனியாவும் மேல் அடுக்கிலேயே குவிகின்றன. அங்கே ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. நேரம் சுருங்கச் சுருங்க, விவரமான கடிதத்தைப் படிப்பதற்கும் அதற்குப் பதில் எழுதுவதற்கும் எவருக்கும் பொழுது இருப்பதில்லை.

கடிதத்தின் உள்ளடக்கம்

நல்ல பரிந்துரைக் கடிதத்தையும் மற்றதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ‘52 வயது ஆண், சர்க்கரை நோயாளி, நெஞ்சுவலி, இதயத் துறையின் கருத்துக்கு’ என்ற ஒற்றை வரியில் பொய் எதுவும் இல்லை, பயனும் ஏதுமில்லை. அதே நோயாளியைப் பற்றி இப்படியும் எழுதலாம்: மூன்று வாரங்களாக மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்துவது போன்ற உணர்வு வருகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் அடங்குகிறது, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார், இரத்தத்தில் கிரியாட்டினின் 1.8, ஓராண்டுக்கு முன் 1.4, ஓய்வு நிலையில் எடுத்த ஈ.சி.ஜி. இயல்பாக உள்ளது, நகல் இணைப்பு, ஆஸ்பிரின் தொடங்கப்பட்டிருக்கிறது, பென்சிலின் ஒவ்வாமை உண்டு, தனியே வாழ்பவர், லாரி ஓட்டுநர். இது இதயத் தமனி அடைப்பால் வரும் வலிதானா, ஆஞ்சியோகிராம் தேவையெனில் சிறுநீரகத்தின் இந்த நிலையில் சாய மருந்து செலுத்துவது பாதுகாப்பானதா, அதுவரை அவர் வண்டி ஓட்டலாமா என்பவை கேள்விகள். ஒரு வாரத்துக்குள் பார்க்கப்பட வேண்டும், ஓய்விலும் வலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லும்படி சொல்லப்பட்டிருக்கிறது.

இரண்டாவது கடிதத்தை எழுத ஐந்து நிமிடம் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆனால் அதைப் படிக்கும் இதய மருத்துவர், சிறுநீரகம் ஓராண்டில் நலிந்திருப்பதை அறிந்தே சாய மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார். ஏற்கெனவே செய்த சோதனையை மீண்டும் செய்யச் சொல்வதில்லை. நோயாளியின் தொழில் தெரிந்திருப்பதால் ‘ஓய்வெடுங்கள்’ என்ற பொது அறிவுரையோடு நிற்பதில்லை. எழுதும் மருத்துவருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. கேள்வியை எழுத்தில் வடிக்க முனையும்போதே, அனுப்பத்தான் வேண்டுமா, அல்லது இன்னொரு பரிசோதனையோடு தாமே தீர்த்துவிடலாமா என்பது அவருக்குத் தெளிவாகிவிடுகிறது. கேள்வியை எழுத முடியாத பரிந்துரைகளில் கணிசமானவை தேவையற்ற பரிந்துரைகளே.

இவையெல்லாம் இலட்சியப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாதபடி, இந்திய மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிமுறைகளே இதை வலியுறுத்துகின்றன. சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும்போது நோயாளியின் நிலை குறித்த சுருக்கத்தை உடன் அனுப்ப வேண்டும் என்றும், சிறப்பு மருத்துவர் தமது கருத்தை அனுப்பிய மருத்துவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. தேவையற்ற கலந்தாய்வுகளைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அவற்றிலேயே உள்ளது. 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய விதிமுறைகள் உடனடியாகவே நிறுத்திவைக்கப்பட்டதால், 2002-இன் விதிகளே தொடர்ந்தன. ஆனால் விதியைச் சுற்றறிக்கையாக அனுப்பிவிட்டால் மட்டும் நடைமுறை மாறிவிடாது. பரிந்துரைகளை மேம்படுத்தும் முயற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து கோக்ரேன் அமைப்பு 2008-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, வழிகாட்டு நெறிகளை வெறுமனே விநியோகிப்பதால் பயனில்லை என்றும், நிரப்ப வேண்டிய இடங்கள் அச்சிடப்பட்ட ஒழுங்கான பரிந்துரைப் படிவமும், சிறப்பு மருத்துவர்களே பொதுமருத்துவர்களுக்கு அளிக்கும் பயிற்சியும் பயன் தருகின்றன என்றும் கண்டது.

அவசரத்தில் கெடுவே உயிர்

நாள்பட்ட நோயில் கேள்வி முதன்மையானது என்றால், அவசர நோயில் கெடு முதன்மையானது. 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்த விவசாயத் தொழிலாளி ஒருவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லாததால் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டு, ஓர் இரவும் மறுநாளுமாகக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் பலவற்றுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுசெல்லப்பட்டார். ஓரிடத்தில் படுக்கை இல்லை, ஓரிடத்தில் உரிய துறை இல்லை என்ற காரணங்களால் எங்கும் சேர்க்கப்படாமல், இறுதியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவில் சிகிச்சை பெற்றார். 1996-இல் இவ்வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை மறுக்கப்பட்டது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று கூறி 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் செய்தது. அதைவிட முக்கியமானவை, அனுப்புவதற்கு முன் ஆரம்ப நிலையத்திலேயே நோயாளியின் நிலையைச் சீர்ப்படுத்த வேண்டும், எங்கே படுக்கை காலியாக உள்ளது என்று மாநில அளவில் அறிந்து அங்கேயே நேராக அனுப்பும் தகவல் தொடர்பு வேண்டும், ஆம்புலன்சில் தேவையான கருவிகளும் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு சுட்டிக்காட்டிய தேவைகள். நோயாளி போய்ச் சேரும் இடத்தில் ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று அறியாமல் அனுப்புவது பரிந்துரை ஆகாது என்பதே அதன் சாரம்.

பாம்புக்கடியில் இது கண்கூடு. கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் சோதனை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடியது. உறையவில்லை என்றால் விரியன் வகைப் பாம்பின் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கடித்த நேரம், சோதனையின் முடிவு, எத்தனை குப்பி மருந்து எந்த நேரத்தில் ஏற்றப்பட்டது, சிறுநீர் போகிறதா ஆகிய நான்கையும் சீட்டில் எழுதாமல் ‘பாம்புக்கடி, ஜி.எச்.சுக்கு’ என்று மட்டும் எழுதினால், அடுத்த மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; அந்த நேரத்தில் நோயாளியின் சிறுநீரகம் கெடக்கூடும். மாரடைப்புக்கு முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டு அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கியதும் இதே அடிப்படையில்தான்.

தமிழ்நாட்டிலேயே பரிந்துரை நன்றாக இயங்கும் ஒரு துறை உண்டு, அது மகப்பேறு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதிவெண் உண்டு. ஆபத்து மிகுந்த கர்ப்பம் எது என்பது முன்கூட்டியே அடையாளம் காணப்படுகிறது. 2000-களில் உருவாக்கப்பட்ட சீமாங்க் மையங்கள், அதாவது அறுவை அரங்கும் இரத்த வசதியும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் இரவு பகலாக இயங்கும் அவசர மகப்பேறு மையங்கள், எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு நிலையான விடையைத் தருகின்றன. தாய் இறக்க நேர்ந்தால் முதல் நிலையத்திலிருந்து கடைசி மருத்துவமனை வரை எங்கே எவ்வளவு நேரம் போயிற்று என்று தணிக்கை செய்யப்படுகிறது. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்திய அளவில் 97 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்ததற்கு இந்தச் சங்கிலியும் ஒரு காரணம். இதே மருத்துவர்களும் செவிலியர்களும்தான் சர்க்கரை நோயாளியையும் புற்றுநோய் ஐயமுள்ளவரையும் அனுப்புகிறார்கள். அங்கே பதிவெண்ணும் குறித்த இடமும் தணிக்கையும் இல்லாததால் சங்கிலி அறுந்துபோகிறது.

காவல் வைத்த கதவின் விலை

பரிந்துரை இல்லாமல் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் பிரிட்டனைப் பார்க்க வேண்டும். 1948-இல் தொடங்கிய அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவையில், ஜி.பி. எனப்படும் பொதுமருத்துவரின் கடிதம் இல்லாமல் பெரும்பாலான சிறப்புப் பிரிவுகளை அணுக முடியாது. இதனால் செலவு கட்டுப்பட்டது, தேவையற்ற அறுவைகள் குறைந்தன; ஆனால் வரிசை நீண்டது. பரிந்துரைக்கப்பட்டவர்களில் 92 விழுக்காட்டினருக்கு 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து 2016-க்குப் பிறகு எட்டவில்லை. 2023-இல் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. புற்றுநோய் ஐயமுள்ளவர்களுக்குத் தனி விரைவு வழியை 2000-இலேயே ஏற்படுத்த வேண்டி வந்தது. 2015-இன் வழிகாட்டு நெறி, ஓர் அறிகுறிக்குப் பின்னால் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று என்றாலே அனுப்பிவிடலாம் என்று பொதுமருத்துவரின் கையைத் தளர்த்தியது. டென்மார்க் இன்னும் ஒரு படி சென்று, எந்த உறுப்பு என்று சொல்ல முடியாத எடையிழப்பு, தீராத சோர்வு போன்ற அறிகுறிகளுக்கென்றே தனிப் பரிந்துரை வழியை அமைத்தது. கதவுக்குக் காவல் வைக்கும் நாடு, அவசரத்துக்குப் பக்கவாசலும் வைத்தாக வேண்டும் என்பதே இவற்றின் படிப்பினை.

சிங்கப்பூர் கதவைப் பூட்டாமல் கட்டணத்தால் வழிநடத்துகிறது. பாலிகிளினிக் எனப்படும் அரசு முதல்நிலை மருத்துவ நிலையத்தின் கடிதத்தோடு வருபவருக்குச் சிறப்பு மருத்துவரிடம் மானியக் கட்டணம், நேரே வருபவருக்குத் தனியார் கட்டணம். இலங்கையில் கதவு திறந்தே கிடக்கிறது. அரசு மருத்துவமனை இலவசம், ‘சனலிங்’ முறையில் பணம் கட்டி மாலையில் எந்த விசேட வைத்திய நிபுணரையும் கடிதமின்றிப் பார்க்கலாம். ஒரே நோயாளி மூன்று நிபுணர்களின் மூன்று துண்டுகளோடு அலைவதைத் தடுக்க அங்கே எவரும் பொறுப்பில் இல்லை.

தமிழ்நாட்டில் கட்டாயப் பரிந்துரை நடைமுறையில் உள்ள ஓர் இடம், தொழிலாளர்களுக்கான காப்பீட்டுத் திட்டமாகிய இ.எஸ்.ஐ. தொழிலாளி டிஸ்பென்சரிக்குச் சென்று, அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் ஒப்பந்தத்தில் உள்ள உயர்சிறப்பு மருத்துவமனைக்கும் அனுப்பப்படுகிறார். இங்கே கடிதத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு பணத்துக்கான உத்தரவாதமாக அமைந்துவிட்டது. முத்திரை இருக்கிறதா, கையெழுத்து சரியா, எத்தனை நாளுக்குச் செல்லும் என்று பார்ப்பதில் நோயாளியின் உழைப்பு முழுவதும் செலவாகிறது. உள்ளே எழுதப்பட்ட மருத்துவ விவரம் ஒரு வரியாகச் சுருங்குகிறது. காப்பீட்டுத் திட்டங்கள் பெருகிவரும் காலத்தில், பரிந்துரையைக் கணக்குப் பிரிவின் காகிதமாகக் குறுக்கிவிடும் இந்த ஆபத்து எங்கும் பரவக்கூடியது.

தரகு என்னும் நோய்

அனுப்பிய மருத்துவருக்குக் கமிஷன் தரும் வழக்கம் இரகசியமும் அன்று, சட்டபூர்வமானதும் அன்று. நோயாளியை அனுப்புவதற்காக எந்தப் பரிசும் பங்கும் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002-இன் விதிமுறைகள் வெளிப்படையாகத் தடைசெய்கின்றன. மகாராஷ்டிரம் 2017-இல் இதற்கெனவே தனிச் சட்ட வரைவைத் தயாரித்தது. அமெரிக்கா 1989-இலேயே, மருத்துவர் தமக்குப் பொருளாதார நலன் உள்ள ஆய்வகத்துக்கு, மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டில் உள்ள நோயாளிகளை அனுப்பத் தடை விதித்தது. கமிஷனால் நோயாளியின் செலவு ஏறுகிறது என்பது தெரிந்த தீமை. அதனால் பரிந்துரையின் அறிவுக் கூறே அழிந்துபோவது அதைவிடப் பெரிய தீமை. எந்த மருத்துவர் திறமையானவர் என்பதைவிட எந்த மருத்துவமனை அதிகம் தருகிறது என்பது வழிகாட்டியாகும்போது, கேள்வி எழுதப்பட வேண்டிய இடத்தில் மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட சீட்டு மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே, அனுப்புவதற்கான காரணமும் விடை வேண்டிய கேள்வியும் எழுதப்பட்ட கடிதத்தைக் கட்டாயமாக்குவது, கமிஷனுக்கு எதிரான வலுவான தடுப்பாகவும் அமையும். காரணத்தை எழுத்தில் வைத்துக் கையெழுத்திட வேண்டியவர், காரணமில்லாமல் அனுப்பத் தயங்குவார்.

திரும்பி வர வேண்டிய பதில்

பரிந்துரையின் மூன்றாம் கூறாகிய பதில்தான் எங்கும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுகிறது. இரத்த அழுத்தத்துக்குப் பொதுமருத்துவர் டெல்மிசார்டன் கொடுக்கிறார். கால்வீக்கத்துக்கு இதய மருத்துவர் நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு சேர்க்கிறார். முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர் டைக்ளோஃபெனாக் எழுதுகிறார். தனித்தனியே பார்த்தால் மூன்றும் பொருத்தமான மருந்துகளே; மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மூன்று பக்கமிருந்தும் குறைத்து அதைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யக்கூடும். மூவரும் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொள்ளாதபோது, இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க எவரும் இல்லை. முதல்நிலை மருத்துவத்தின் இயல்புகளை வரையறுத்த அமெரிக்க அறிஞர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு, முதல் தொடர்பு, நீடித்த உறவு, முழுமை ஆகியவற்றோடு ஒருங்கிணைப்பையும் நான்காவதாக வைத்ததன் காரணம் இதுவே. அனுப்பிய பின்னும் நோயாளிக்குப் பொறுப்பானவராக முதல் மருத்துவர் தொடர வேண்டும். அப்படித் தொடர அவருக்குப் பதில் வந்தாக வேண்டும்.

நோயாளியின் கையிலும் சில உள்ளன. எதற்காக அனுப்புகிறீர்கள், எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும், பார்த்த பின் யாரிடம் வர வேண்டும் என்ற மூன்றையும் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் கேட்டு, விடையைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி வேண்டுவது மரியாதைக் குறைவாகாது. பழைய அறிக்கைகளோடு, தற்போது விழுங்கும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். ஏனெனில் ஒரே மருந்து இரு நிறுவனங்களின் பெயர்களில் இரட்டிப்பாக உள்ளே போவதை அட்டைகளே காட்டிக்கொடுக்கும். ஈ.சி.ஜி. தாள் வெப்பத்தால் எழுத்து விழும் வகையினதாதலால் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். அதை எடுத்த அன்றே நகல் எடுத்து வைப்பவருக்கு, பின்னாளில் புதிய மாற்றம் எது பழையது எது என்று இதய மருத்துவர் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆயினும் நோயாளியின் விழிப்பை நம்பி ஓர் அமைப்பு நடக்க முடியாது. 2021-இல் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மின்னணு சுகாதார இயக்கம், வெவ்வேறு இடங்களில் உள்ள அறிக்கைகளை இணைத்துப் பார்க்க வழிசெய்யும். அறிக்கைகளின் குவியலிலிருந்து கேள்வியை அது உருவாக்கித் தராது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தன் கிராமப்புறக் கண் மையங்களில் செய்வதைப் போல, பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதித்துப் படம் அனுப்ப, தொலைவில் இருக்கும் மருத்துவர் அங்கேயே விடை சொல்லும் ஏற்பாடு விரிந்தால், அனுப்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையே குறையும். அனுப்பியே ஆக வேண்டியவர்களுக்கு, மூன்று இயக்குநரகங்களுக்கும் பொதுவான ஒரே படிவமும், கேள்வியும் கெடுவும் எழுதப்படாத படிவத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமையும், வட்ட மருத்துவமனை மருத்துவர் மருத்துவக் கல்லூரித் துறைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசக்கூடிய நேரமும் தேவை.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அளவுகோல் ஒன்றுதான் மாற வேண்டும். எந்த நிலையத்திலிருந்து எத்தனை பேர் மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதை மட்டும் எண்ணினால், அனுப்பியதோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்ற மனநிலையே வளரும். அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு எழுத்தில் பதில் திரும்பி வந்தது என்பதை மாதந்தோறும் எண்ணி, அனுப்பிய நிலையத்துக்கும் ஏற்ற மருத்துவமனைக்கும் சேர்த்தே அந்த எண்ணைப் பொறுப்பாக்கினால், பதில் பெறுவதற்காகவே நல்ல கேள்விகள் எழுதப்படும். தாய் இறப்பில் இந்த வகையான தணிக்கையைச் செய்து பலன் கண்ட மாநிலம், சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் அதையே செய்வதற்கு வெளிநாட்டு முன்மாதிரி எதையும் தேட வேண்டியதில்லை.